கருணாபுரம் 2024: பாக்கெட்டுக்கும் சாவுக்கும் நடுவே இருந்த மணிநேரங்கள்

கருணாபுரம் கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே இருக்கும் குடியிருப்பு. காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரம். மூட்டை தூக்குவது, பெயின்ட் அடிப்பது, துப்புரவு வேலை என்று பெரும்பாலும் தினக்கூலிக்குப் போகிறவர்கள். 2024 ஜூன் 18 அன்று அங்கே பாக்கெட் சாராயம் வாங்கிக் குடித்தவர்களுக்கு அது புதுப் பழக்கம் இல்லை. டாஸ்மாக்கில் சாதாரண குவார்ட்டர் 140 ரூபாய் விற்ற காலம். பாக்கெட்டின் விலை அதில் ஏறத்தாழ பாதிதான். உடம்பு வலிக்கு மருந்து மாதிரி, வேலை முடிந்ததும் ஒன்று, சிலர் வேலைக்குப் போகுமுன் ஒன்று.

மறுநாள் விடிவதற்குள் வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல் என்று ஆட்கள் சாயத் தொடங்கினார்கள். முதல் சாவுகள் விழுந்தபோது காரணம் யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. இந்தச் சாவுகள் கள்ளச்சாராயத்தால் அல்ல என்று மாவட்ட நிர்வாகம் முதலில் மறுத்தது. சாவு வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்ததாகச் செய்திகள் வந்தன. அன்று மாலைக்குள் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நிரம்பிவிட்டது. சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் பறந்தன. 200-க்கும் மேற்பட்டோர் சிகிச்சைக்கு வந்தார்கள். 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள்.

யார் விற்றது, யார் மாமூல் வாங்கியது, எந்தக் கட்சிக்காரர் பின்னால் நின்றது என்று இந்த நிகழ்வைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அதெல்லாம் எழுத வேண்டியதுதான். இங்கே நான் எடுத்துக்கொள்வது அதைவிடச் சின்னக் கேள்வி. பாக்கெட்டைக் குடித்ததற்கும் உயிர் போனதற்கும் நடுவே பலருக்கு அரை நாள் இருந்தது. சிலருக்கு ஒரு நாளுக்கும் மேல் இருந்தது. மருந்து உள்ள விஷம் இது. அந்த நேரம் எங்கே போனது?

பாக்கெட்டில் இருந்தது

பாக்கெட்டில் இருந்த விஷம் மெத்தனால், ஒரு வகை ஆல்கஹால். ஊறல் போட்டுக் காய்ச்சும் சாராயத்தில் அது உருவாவது மிகச் சொற்பம். பக்கத்துக் கல்வராயன் மலையில் காலங்காலமாகக் காய்ச்சுகிறார்கள். அந்தச் சாராயம் ஈரலைத் தின்னும், குடும்பத்தைத் தின்னும், ஆனால் ஒரே ராத்திரியில் ஒரு தெருவையே சாய்க்காது. இப்படிக் கொத்துக்கொத்தாகக் கொல்வது தொழிற்சாலை மெத்தனால். பெயின்ட், பிசின், கரைப்பான் தயாரிப்புக்குப் போகும் சரக்கு. காய்ச்சுகிற வேலை மிச்சம், ஊறலின் நாற்றம் இல்லை, தண்ணீர் கலந்தால் பாக்கெட் தயார். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலுமாக 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அது சாராயமே அல்ல, ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று அன்றைய காவல்துறைத் தலைவரே அறிவித்தார். அதற்குப் பதின்மூன்று மாதம் கழித்துக் கருணாபுரம்.

குடிக்கிறவர்கள் சரக்கைச் சோதிக்க வைத்திருக்கும் வழிகள் எதுவும் இங்கே உதவாது. முகர்ந்து பார்த்தாலும் நாக்கில் வைத்தாலும் மெத்தனாலுக்கும், சாதாரண மதுவில் இருக்கும் எத்தனாலுக்கும் வித்தியாசம் பிடிபடாது. தீக்குச்சி கிழித்துப் பார்த்து, நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு என்பார்கள். மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும். பழகிய ஆளிடம் வாங்கினால் பயமில்லை என்பதும் அப்படித்தான். அந்த ஆளுக்கே தன் கேனில் வந்தது என்னவென்று தெரிந்திருக்காது. சுத்தமான மெத்தனால் 10 மில்லி கண்ணைப் பறிக்கலாம். 30 மில்லியில் உயிரே போயிருக்கிறது.

குடித்தவுடன் மெத்தனால் வெறும் மப்பைத்தான் தரும். கேடு பிறகு ஈரலில் தொடங்குகிறது. சாதாரணச் சாராயத்தைச் செரிக்கிற அதே நொதி மெத்தனாலை முதலில் பார்மால்டிஹைடாக மாற்றுகிறது, அது அடுத்து பார்மிக் அமிலமாக மாறுகிறது. உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் வழியை இந்த அமிலம் அடைத்துவிடுகிறது. முதலில் அடிபடுவது கண் நரம்பும் மூளையும். இந்த அமிலம் சேர்வதற்கு நேரம் பிடிக்கும், வழக்கமாக 12 முதல் 24 மணி நேரம். கூடவே நல்ல சரக்கையும் குடித்திருந்தால் ஈரல் அதை முதலில் கவனிக்கப் போய்விடும், மெத்தனால் காத்திருக்கும், அறிகுறி இன்னும் தள்ளிப்போகும். “நானும்தான் குடிச்சேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே” என்று மறுநாள் மத்தியானம் சொல்கிறவர் தப்பித்துவிட்டார் என்று நினைக்க முடியாது. அவர் முறை இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

பார்மிக் அமிலத்தை உடம்பு கழிப்பதற்கு போலேட் என்ற வைட்டமின் வேண்டும். சரியாகச் சாப்பிடாமல் தினமும் குடிக்கிறவர்களிடம் அது குறைவாகவே இருக்கும். இருப்பவர்களிலேயே மிக நலிந்த உடம்பைத்தான் இந்த விஷம் அதிகமாகச் சாய்க்கிறது.

சிகிச்சையின் தர்க்கம் எளிது. அந்த ஈரல் நொதியை மறித்துவிட்டால் மெத்தனால் அமிலமாக மாறாமல் சும்மா கிடக்கும். மறிப்பதற்கு ஃபோமெபிசோல் என்ற ஊசி மருந்து இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2013-இல் அதைத் தன் இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. விலை கூடிய மருந்து, எல்லா ஊரிலும் கிடைக்காது. அது இல்லாத இடத்தில் எத்தனாலையே மருத்துவமனையில் அளந்து கொடுத்து ரத்தத்தில் ஒரு மட்டத்தில் நிறுத்திவைப்பார்கள். நொதி மெத்தனாலைவிட எத்தனாலை விரும்பி எடுத்துக்கொள்வதால் இதுவும் வேலை செய்யும். சேர்ந்துவிட்ட அமிலத்தை முறிக்க சோடியம் பைகார்பனேட், விஷத்தையும் அமிலத்தையும் வெளியேற்ற டயாலிசிஸ், கூட போலேட்டின் வேலையைச் செய்யும் ஃபோலினிக் அமிலம். கருணாபுரத்துக்காக ஃபோமெபிசோல் மும்பையிலிருந்து வரவழைக்கப்பட்டது. மருந்து கையிருப்பில் இருந்ததா இல்லையா என்பதே ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் தனிச் சண்டையாகிப்போனது.

எந்த மருந்தானாலும் அமிலம் சேர்வதற்கு முன் கொடுத்தால்தான் முழுப் பலன். கண் போன பிறகு நொதியை மறித்தால் உயிர் மிஞ்சலாம். பார்வை திரும்பும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

நேரம் போன வழி

முதல் இழப்பு வீட்டில். மெத்தனால் விஷத்தின் தொடக்கம் அச்சு அசலாக மறுநாள் காலைத் தலைவலி மாதிரியே இருக்கும். தலை பாரம், குமட்டல், வயிற்றுவலி, தள்ளாட்டம். தினமும் குடிக்கிறவர் வீட்டில் இதைப் பார்த்து யாரும் பதறுவதில்லை. மோர் கொடுப்பார்கள், எலுமிச்சை பிழிந்து கொடுப்பார்கள், தூங்கினால் சரியாகும் என்று விடுவார்கள். சாதாரண மப்பு நேரம் போகப்போக இறங்கும். இதுவோ நேரம் போகப்போக ஏறும். வெறும் போதைத் தெளிவில் வராத இரண்டு விஷயங்கள் இதில் வரும். ஒன்று கண்: மூடுபனிக்குள் பார்ப்பது போலவோ எல்லாம் வெள்ளையாகவோ தெரிகிறது என்பார். இன்னொன்று மூச்சு: ஓடி வந்தவர் போல வேகமாக, ஆழமாக இழுப்பார். இந்த இரண்டையும் தெரிந்துவைத்திருக்கிற ஒரு மனைவி, ஒரு மகள், ஒரு பக்கத்து வீட்டுக்காரர் தெருவுக்கு ஒருவர் இருந்திருந்தாலே கணக்கு மாறியிருக்கும் என்பது என் எண்ணம்.

இரண்டாவது இழப்பு பயத்தால். கள்ளச்சாராயம் குடித்தேன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னால் போலீஸ் வரும், கேஸ் ஆகும், விற்றவன் பகையாவான். அதனால் ஓ.பி.யில் “வயித்து வலிங்க, நேத்து சாப்பிட்டது ஒத்துக்கலை” என்கிறார்கள். அதைக் கேட்டவர் வாந்திக்கும் வயிற்று எரிச்சலுக்கும் ஊசி போட்டு அனுப்பினால் அவரைக் குறை சொல்வதில் நியாயம் குறைவு. பாக்கெட் சாராயம் என்ற இரண்டே வார்த்தை சொல்லப்பட்டிருந்தால் பரிசோதனையின் திசையே வேறு. கேட்பவரின் குரலும் இதில் முக்கியம். “குடிச்சியா?” என்று அதட்டினால் இல்லை என்றுதான் பதில் வரும். “பாக்கெட்டா, பாட்டிலா அண்ணே? எத்தனை மணிக்கு? கூட யாரெல்லாம் இருந்தாங்க?” என்றால் ஆள் வாயைத் திறப்பார்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் கனமாகப் படுகிறது. ஒரே நாளில் ஒரே தெருவில் இரண்டு பேர் இப்படிச் சாகும்போது காரணம் உறுதியாகும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது நிர்வாகத்துக்குப் பழக்கம். சட்டம் ஒழுங்கு பார்வையில் அது நிதானம். விஷத்தின் பார்வையில் அது அனுமதி. உறுதியான செய்தி தேவையே இல்லை. “சந்தேகமாக இருக்கிறது, பாக்கெட் எதையும் தொடாதீர்கள், நேற்று குடித்தவர்கள் எல்லோரும் நன்றாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், யார் மீதும் வழக்கு இல்லை” என்று ஓர் ஆட்டோவில் மைக் கட்டி 19-ஆம் தேதி காலையிலேயே தெருத்தெருவாகச் சொல்லியிருக்கலாம். பொய்யாகப் போயிருந்தால் நஷ்டம் டீசல் காசு. அதற்குப் பதில் மறுப்பு வந்தது. மறுப்பைக் கேட்டவர்களுக்குக் கையில் இருந்த பாக்கெட் பாதுகாப்பானதாகிவிட்டது.

நான்காவது, சாலையில். சேலமும் விழுப்புரமும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல், புதுச்சேரி அதற்கும் அப்பால். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது தவறில்லை, டயாலிசிஸ் அங்கேதான் கூடுதலாக இருக்கிறது. ஆனால் நொதியை மறிக்கும் வேலையைப் புறப்படும் முன்பே தொடங்கலாம். 2012 செப்டம்பரில் செக் குடியரசில் மெத்தனால் கலந்த மது பரவி 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மருத்துவமனை சேரும் முன்பே எத்தனால் கொடுக்கப்பட்டது. பின்னால் ஆராய்ந்தபோது, ரத்தத்தில் எத்தனாலோடு வந்து சேர்ந்தவர்கள் தேறிய விதம் மேலாக இருந்தது. அந்நாட்டு அரசு 20 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள மதுவின் விற்பனையை நாடு முழுக்க நிறுத்தியும் வைத்தது. சந்தேகம் வந்ததும் எச்சரிக்கை, எச்சரிக்கையோடு சேர்த்தே முதலுதவி என்ற வரிசை அங்கே இருந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் பிராந்தி ஊற்றிக்கொடுக்கக் கூடாது. கையில் இருக்கும் பாட்டிலே விஷமாக இருக்கலாம், மயங்கிக் கிடப்பவருக்கு வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். இது ஆம்புலன்சிலும் தாலுகா ஆஸ்பத்திரியிலும் பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை.

அரசு செய்தது

ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய், சிகிச்சையில் இருந்தவர்களுக்கு 50,000 ரூபாய். ஒரு நபர் விசாரணை ஆணையம். அந்த மாதக் கடைசியிலேயே மதுவிலக்குச் சட்டத்தில் திருத்தம்: சாவுக்குக் காரணமான சாராயத்தை விற்றால் ஆயுள் தண்டனை, 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். வழக்கை உயர் நீதிமன்றம் பிறகு சி.பி.ஐ.க்கு மாற்றியது. இழப்பீடு தவிர எல்லாமே விற்றவனையும் அவனை விட்டுவைத்தவனையும் நோக்கியவை. குடிக்கிறவரை நோக்கி, அவர் நாளைக்கும் குடிப்பார் என்று ஒப்புக்கொண்டு சொல்லப்பட்ட சேதி இவற்றில் எதுவும் இல்லை.

“குடிக்கக் கற்றுக்கொடுக்கிறீர்களா?”

இந்தக் கேள்வி வரும், வரத்தான் வேண்டும். தமிழ்நாட்டில் மதுவால் சீரழிந்த வீடுகளில் இருந்து கேட்கிறவர்களுக்கு அந்தக் கோபத்தில் உரிமையும் இருக்கிறது. ஆனால் இதே தமிழ்நாடு இதைவிடக் கூச்சமான விஷயத்தில் வேறு வழியில் போயிருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாக 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. ஒழுக்கமாக இருங்கள் என்ற போதனையோடு அரசு நின்றுவிடவில்லை. ஆணுறையைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார்கள், லாரி ஓட்டுநர்களிடம் போனார்கள், பாலியல் தொழிலாளர்களிடமே போய்ப் பேசினார்கள். 2000-களின் தொடக்கத்தில் “புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?” என்று சுவரெல்லாம் கேட்டது. ஊரே சிரித்தது, திட்டியது, ஆனால் பேசியது. யாரும் அதனால் தப்பு வழிக்குப் போனதாகச் சொல்ல முடியாது. சாராயத்தைப் பற்றி மட்டும் ஏன் ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்?

அந்த வாசகம் பொய் என்று நான் சொல்லவில்லை. இன்றைக்குச் சாயங்காலம் குடிக்கப்போகிறவருக்கு அதில் பயன்படும் தகவல் ஒன்றும் இல்லை என்கிறேன். 2019-இல் வெளியான எய்ம்ஸ் தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மிச்சம் 37 பேரும் நாளைக்கு உயிரோடு இருந்தால்தானே அவர்களை என்றைக்காவது சிகிச்சைக்குக் கூப்பிட முடியும்.

தெருவில் சொல்ல வேண்டியது ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். ஒரே கேனில், ஒரே ஆளிடம் வாங்கிக் குடித்த கூட்டத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அத்தனை பேரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நன்றாக இருப்பவர் உட்பட. கருணாபுரத்திலிருந்து ஒரே ஒரு விதியை எடுத்துக்கொள் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். குடித்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ கண்ணில் மாற்றம் தெரிந்தால் தூங்க வைக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். போனதும் முதல் வாக்கியமாகப் பாக்கெட் குடித்ததைச் சொல்லுங்கள், மிச்சமிருக்கும் பாக்கெட்டை ஒளிக்காமல் கையோடு கொண்டுபோங்கள். மயங்கியவரை மல்லாக்கப் போடாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி மூச்சுக்குழலுக்குள் போகாது. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தனியாக உட்கார்ந்து குடிக்கிற பழக்கம் இருந்தால், குடித்திருப்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

சாராயம் நின்ற பிறகு

இப்படி ஒரு சாவு விழுந்ததும் சுற்றுவட்டாரம் முழுக்க ரெய்டு நடக்கும், பாக்கெட் ஒரே நாளில் காணாமல் போகும். நல்லதுதான் என்று தோன்றும். ஆனால் பத்துப் பதினைந்து வருடமாக விடிந்ததும் குடித்த உடம்புக்குத் திடீரென்று நிறுத்துவது இன்னோர் ஆபத்து. முதல் நாளில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. அதற்குள்ளேயோ அடுத்த நாளோ வலிப்பு வரலாம். இரண்டாவது மூன்றாவது நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரியும், புத்தி தடுமாறும், காய்ச்சல் ஏறும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகக்கூடிய நிலை அது. பேய் பிடித்துவிட்டது என்று கோயிலுக்குக் கூட்டிப்போகும் வீடுகள் இன்றும் உண்டு.

2020 மார்ச் ஊரடங்கில் இதை எல்லோரும் கண்ணால் பார்த்தோம். கடைகள் ஒரே ராத்திரியில் மூடப்பட்டன. அடுத்த மாதம் புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் மீனவர்கள் மூன்று பேர் குளிர்பானத்தில் ஷேவிங் லோஷனைக் கலந்து குடித்து இறந்தார்கள். கேரளத்தில் மது கிடைக்காத தவிப்பில் தற்கொலைகள் நடக்க, மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அந்த அரசு ஆணையிட்டது. மருத்துவர் சங்கங்கள் எதிர்த்தன, உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நான் அந்த விஷயத்தில் மருத்துவர்கள் பக்கம்தான். நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் குளோர்டயசிபாக்சைடு, லோரசிபாம் போன்ற மருந்துகள் இருக்கும்போது பாட்டிலைச் சீட்டில் எழுதுவது சிகிச்சையாகாது. ஆனால் அந்த மருந்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை போய்ச் சேர்ந்திருந்ததா என்பதும் அதே மூச்சில் கேட்க வேண்டிய கேள்வி. ஆணை ஓர் அவசரத்துக்கு வந்தது, அந்த அவசரம் உண்மையானது.

எனவே ரெய்டு வண்டி போகும் தெருவுக்குப் பின்னாலேயே ஒரு மருத்துவக் குழுவும் போக வேண்டும். தினமும் காலையில் குடிக்காமல் இருக்க முடியாதவர்கள், முன்பு நிறுத்தியபோது வலிப்பு கண்டவர்கள் இருக்கிறார்களா என்று வீடு வீடாகக் கேட்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் தாங்களாக ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, மருத்துவர் பார்வையில் நிறுத்த வேண்டும். தயமின் என்ற பி1 வைட்டமின் கொடுக்க வேண்டும், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே. வெறும் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால் ‘தெம்பு’ வரும் என்று நினைக்கிறோம். தயமின் வற்றிய உடம்பில் அது மூளையைக் கெடுத்து நினைவையே பறித்துவிடலாம்.

நிறுத்தவே போவதில்லை என்கிறவரிடமும் பேசுவதற்கு விஷயம் உண்டு. வெறும் வயிற்றில் வேண்டாம், சோறு முதலில். தூக்க மாத்திரை, வலி மாத்திரை எதையும் சாராயத்தோடு சேர்க்க வேண்டாம், சில மாத்திரைகளோடு சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடலாம். சாரத்தில் ஏறுகிற நாளில் காலை பாக்கெட் வேண்டாம். குடிக்க உட்காரும் முன்பே பைக் சாவி வீட்டில் இருக்கட்டும். வீட்டுப் பெண்களிடம் இதையெல்லாம் சொல்லும்போது நான் கவனித்தது, அவர்கள் இதில் பாதியை ஏற்கெனவே செய்கிறார்கள். சோற்றைத் தின்ன வைத்துவிட்டுத்தான் வெளியே விடுவார்கள், சாவியை அரிசிப் பானைக்குள் ஒளிப்பார்கள். அவர்களுக்குத் தெரியாதது கண்ணும் மூச்சும்தான்.

பிழைத்து வீடு திரும்பியவர்களுக்கு டிஸ்சார்ஜ் சீட்டோடு வேலை முடிவதில்லை. கண் மருத்துவரிடம் மறுபடி பார்வையைச் சோதிக்க வேண்டும், நடையிலோ கை அசைவிலோ விறைப்பு வருகிறதா என்று சில வாரங்கள் கவனிக்க வேண்டும், ஏனெனில் மெத்தனால் மூளையின் உள்பகுதியில் விட்டுச்செல்லும் தழும்பு தாமதமாகவும் தெரியலாம். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்குப் போகும்போது இப்போது எங்கே, என்ன குடிக்கிறார் என்று திட்டாமல் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். நிறுத்த விரும்பினால் 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம். தாலுகா ஆஸ்பத்திரிகளில் பைகார்பனேட்டும் மருந்துத் தர எத்தனாலும் எந்த அலமாரியில் இருக்கின்றன, இரவுப் பணியில் இருப்பவருக்கு அந்தச் சாவி கிடைக்குமா என்பதை அடுத்த மே, ஜூனுக்குள் யாராவது போய்ப் பார்த்துவிட வேண்டும்.